மூன்று தடவையும் முப்பத்தெட்டு

தாடையை நம்பாதீர்கள். பல்லை நம்பலாம். சொத்தை விழுந்தால் கறுப்பாகக் காட்டிக்கொடுக்கும், ஆடினால் ஆடுகிறது என்று தெரியும். தாடை அப்படியில்லை. உங்கள் முகத்தைப் பார்த்து, உங்களுக்கு என்ன வேண்டுமோ அதைச் செய்து காட்டும். பல் செட் கட்டிக்கொள்ள வரும் பெரியவரிடம் ‘நல்லா கடிங்க’ என்று சொல்லிப் பாருங்கள். டாக்டர் சொல்லிவிட்டாரே என்று கீழ்த்தாடையை முன்னால் தள்ளிக்கொண்டுவந்து, அவர் வீட்டில் ஒருநாளும் கடிக்காத இடத்தில் கடித்துக் காட்டுவார். நீங்களும் மெழுகில் அச்செடுத்து லேபுக்கு அனுப்புவீர்கள். செட் வந்ததும் மாட்டிப் பார்த்தால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நிற்கும். அவர் பொய் சொல்லவில்லை. உங்களுக்கு மரியாதை செய்தார். அந்த மரியாதையால் குப்பைக்குப் போன செட்டுகள் எத்தனையோ.

திருவொற்றியூரில் வாழ்நாள் முழுக்கக் கிளினிக் நடத்தியவள் சொல்கிறேன். இப்போது அதை நடத்துவது கௌதம். வியாசர்பாடிப் பையன். என்னிடம் உதவி மருத்துவராகச் சேர்ந்து, என் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டும் ஓடிப்போகாதவன். அவனிடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும், தாடை மூட்டு அளப்பதைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். எப்படி அளப்பது என்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அளந்ததை எப்போது நம்பக்கூடாது என்பது அதில் இல்லை. அதைச் சொல்கிறேன். பேஷண்டுகள் எனக்கு ‘சிஐடி அம்மா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியாது என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் ஆசையாகத் துடைத்து வைக்கும் அந்த மெஷினையும் நான் முதலில் சந்தேகப்பட்டேன். அதை விற்க வந்தவர் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். திருவொற்றியூர் வெயிலில் டை கட்டுகிறவர் எதையோ மறைக்கிறார் என்பது என் கட்சி. கீழ் முன்பல்லில் ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டி, முகத்தில் கண்ணாடி மாதிரி ஒரு சட்டத்தை மாட்டினால், தாடை போகிற வழியெல்லாம் திரையில் கோடாக விழும் என்றார். விழுந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தாடை எங்கே போகிறது என்றுதான் அது சொல்லும். ஏன் போகிறது, ஏன் அதற்குமேல் போக மறுக்கிறது என்று சொல்லாது. கௌதம் பிடிவாதம் பிடித்தான், வாங்கினேன்.

வாங்கிய புதிதில், எண்ணூர்ப் பக்கம் இருக்கும் ஒரு கெமிக்கல் ஆலையின் டாக்டரிடமிருந்து போன் வந்தது. ஆலையின் பெயர் உங்களுக்கு வேண்டாம். வழக்கமாக ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசாத மனிதர், அன்றைக்கு என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அப்போதே எனக்கு உறுத்தியது.

“எங்க ஃபயர் க்ரூல ஒரு பையன், மேடம். நல்ல பையன். டிரில் நடந்தப்ப மாஸ்க் சரியா உக்காரலன்னு கூட வேலை செய்றவன் ஒருத்தன் சொல்லிட்டான். தாடைய ஒரு தடவ அளந்துட்டு, நார்மல்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்.”

“அளக்கறதுக்கு முன்னாடியே நார்மல்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடை தெரிந்துவிட்டால் அளப்பது எதற்கு? இந்தப் பையனுக்கு நல்லது செய்யப் பார்க்கிறார்களா, இல்லை, ஆள் குறைவென்று எப்படியாவது உள்ளேயே வைத்திருக்கப் பார்க்கிறார்களா? இரண்டில் எது என்று எனக்குப் புரியவில்லை.

தீயணைப்புக் குழுவின் மாஸ்க் என்றால் கொரோனாவுக்கு நாம் போட்ட துணி இல்லை. முகம் முழுக்க மூடும் கண்ணாடி, முதுகில் காற்று உருளை. அதன் ரப்பர் ஓரம் தாடைக்கு அடியில் இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். தாடை தன் இடத்தில் இல்லையென்றால் ரப்பர் பிடிக்காது, வெளியே இருக்கும் விஷக்காற்று உள்ளே வந்துவிடும். அதனால்தான் ஒரு ஆலைக்காரர் பல் டாக்டரைத் தேடிவந்தார்.

பையன் பெயர் சூசை. ராயபுரம். முப்பது வயதைத் தாண்டியவன்தான், ஆனால் என் மகன் வயது. அவன் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளமாட்டான். கூடவே மனைவி ஸ்டெல்லா. நாற்காலியில் உட்கார்ந்தது சூசை, பதில் சொன்னது ஸ்டெல்லா.

“எவ்வளவு நாளா வலி?” என்று சூசையைக் கேட்டேன்.

“வலியே இல்ல டாக்டரம்மா” என்றாள் ஸ்டெல்லா.

“காலைல எழுந்தா வாய் இறுக்கமா இருக்கா?”

“அதெல்லாம் ஒண்ணியும் இல்ல. நல்லா துன்றாரு, நல்லா தூங்கறாரு.” மறுபடியும் ஸ்டெல்லா.

இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். கரண்ட் இல்லாத நேரம், நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, துடைக்கக்கூடக் கையை வெளியே எடுக்கவில்லை. கையில் என்ன காயம்? இவன் அடிக்கிறானா? அதற்காகத்தான் இவன் பேசுவதற்கு முன் இவள் முந்திக்கொள்கிறாளா? என் புத்தி அப்படித்தான் போகும். அதை மனதில் ஓர் ஓரமாக வைத்துவிட்டு ஸ்கேலை எடுத்தேன்.

மேல் முன்பல்லின் விளிம்பிலிருந்து கீழ் முன்பல்லின் விளிம்புவரை. எவ்வளவு முடியுமோ அவ்வளவு திறக்கச் சொன்னேன். முப்பத்தெட்டு மில்லிமீட்டர். மூடி, எச்சிலை விழுங்கி, மறுபடி திறக்கச் சொன்னேன். முப்பத்தெட்டு. மூன்றாவது தடவையும் முப்பத்தெட்டு. பெரும்பாலானவர்களுக்கு நாற்பதைத் தாண்டும். முப்பத்தெட்டு கொஞ்சம் குறைவுதான், ஆனால் யாரும் கேள்வி கேட்காத குறைவு. காதுக்கு முன்னால் மூட்டின்மேல் விரல் வைத்துப் பார்த்தேன். சத்தமும் இல்லை, சறுக்கலும் இல்லை.

கரண்ட் வந்ததும் கௌதம் மெஷினை மாட்டினான். கோடு கீழே இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. ஒன்றின்மேல் ஒன்று அப்படியே விழுந்து ஒரே கோடாக நின்றது.

“மேடம், இங்க பாருங்க! இவ்ளோ அழகா ரிப்பீட் ஆகி நான் பார்த்ததே இல்ல” என்றான் கௌதம், வாயெல்லாம் பல்லாக.

“நானும் பார்த்ததில்ல. அதான் பயமா இருக்கு” என்றேன் அவன் காதருகில்.

இங்கேதான் நீங்கள் மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார வேண்டும். மூன்று அளவும் ஒத்துப்போனால் சந்தோஷப்படுங்கள் என்று கல்லூரியில் சொல்லியிருப்பார்கள். நான் சொல்வது வேறு. ஒன்றிரண்டு தள்ளினால் சந்தோஷப்படுங்கள். உயிருள்ள தாடை முதல் தடவை கூச்சத்தில் கொஞ்சம் குறைவாகத் திறக்கும், இரண்டாவது தடவை தைரியம் வந்து கூடுதலாகத் திறக்கும், மூன்றாவது தடவை அலுத்துக்கொள்ளும். நம் கையே ஒரு மில்லிமீட்டர் தள்ளும். அச்சுப் பிசகாமல் ஒரே எண் வந்தால் யாரோ அங்கே ஒரு கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்காக எடுத்தவுடனே பேஷண்டைச் சந்தேகப்படாதீர்கள். அது சோம்பேறித்தனம். நான் முதலில் ஸ்கேலைச் சந்தேகப்பட்டேன், வேறு ஸ்கேல் எடுத்தேன். பிறகு என்னை. முதல் எண்ணைப் பார்த்த கண் அதே எண்ணைத்தான் மறுபடி தேடும், அதனால் கௌதமை அளக்கச் சொன்னேன். பிறகு மெஷினை, அதைக் கழற்றி கௌதமுக்கே மாட்டிப் பார்த்தேன். அவன் கோடுகள் பிள்ளைகள் சுவரில் கிறுக்கியது போல ஒழுங்காகத் தாறுமாறாக வந்தன. எல்லோரும் விடுதலையான பிறகுதான் சூசையின் வாயை மறுபடி பார்த்தேன்.

அவன் வாய் திறந்தபோதெல்லாம் எனக்கு நாக்கின் அடிப்பக்கம்தான் தெரிந்தது. நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டு வாயைத் திறந்தான். நீங்களும் செய்து பாருங்கள். நாக்கு எட்டுகிற வரைக்கும்தான் தாடை இறங்கும், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நிற்கும். இதை யாரும் தானாகச் செய்யமாட்டார்கள். யாரோ சொல்லிக்கொடுத்து, வீட்டில் பழகியிருக்கிறான். முப்பத்தெட்டைத் தாண்டித் திறக்க எதற்கு அவ்வளவு பயப்படுகிறான்?

“ராயபுரமா நீ? அத்தோ கடையில முட்டை மசாலா சாப்பிடுவியா?” என்று பேச்சை மாற்றினேன்.

உங்களில் ஒருத்தி கோயம்புத்தூர்க்காரி, அவளுக்காகச் சொல்கிறேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்க எங்கள் பக்கம் போட்ட தள்ளுவண்டிக் கடைகளில், அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் பூண்டும் திணித்து, புளித்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார்கள். முழுதாக வாயில் போட வேண்டும். பாதி கடித்தால் பக்கத்தில் நிற்பவன் சிரிப்பான். அந்த முட்டை முழுசாக உள்ளே போகிற வாயை நான் அளக்கவே வேண்டியதில்லை.

“போன வாரம் கூட துன்னேன்” என்றான் சூசை.

“அத்த துன்னு எம்மா நாளாச்சி” என்றாள் ஸ்டெல்லா.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் எதையும் கவனிக்காதவள் மாதிரி ஸ்கேலை டிரேயில் போட்டேன்.

“சரி, அவ்ளோதான், முடிஞ்சுது” என்று சொல்லி, பெரிய கொட்டாவி ஒன்று விட்டேன்.

பொய்க் கொட்டாவிதான். ஆனால் கொட்டாவிக்குப் பொய், நிஜம் தெரியாது. அடுத்து கௌதம் விட்டான். ஸ்டெல்லா முழங்கையை உயர்த்தி வாயை மறைத்துக்கொண்டு விட்டாள். சூசையின் மூக்கு விடைத்தது, கண்ணில் நீர் கோத்தது. வாய் திறப்பதற்கு முன்பே அவன் வலது கை முஷ்டியாகி, தாவாங்கட்டைக்கு அடியில் போய் முட்டுக் கொடுத்துவிட்டது. லாரிக்கு ஜாக்கி வைப்பது போல. அவனுக்கே தெரியாமல் நடந்தது. கொட்டாவிக்குக் கீழிருந்து கை முட்டுக்கொடுக்கிறவன், தாடை கழன்ற வலியைத் தெரிந்தவன்.

“எத்தினி தபா கழண்டுது?” என்றேன், அவன் பேச்சிலேயே.

சூசை நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டான். “நீங்க இன்னா டாக்டரா, போலீஸா?”

“இன்னிக்கு ரெண்டும்தான். உக்காரு.”

உட்காரவில்லை. கதவைப் பார்த்தான், ஸ்டெல்லாவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டியதும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னான். முதல் தடவை மாதா கோயிலில் பாடிக்கொண்டிருந்தபோது கழன்றதாம். அரசு ஆஸ்பத்திரியில் தாடையைத் திரும்ப இடத்தில் போட்டுவிட்டு, நாக்கை மேலே ஒட்டிக்கொண்டு வாய் திறக்கப் பழகு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நல்ல வைத்தியம்தான் சொல்லியிருக்கிறார்கள். இவன் அதையே எங்களை ஏமாற்றவும் வைத்துக்கொண்டான். பிறகு கொட்டாவிக்கும் தும்மலுக்கும் கழன்றிருக்கிறது. மூட்டின் முன்வரப்பைத் தாண்டிப்போய் மாட்டிக்கொண்டால் தாடை தானாகத் திரும்பி வராது, வாய் திறந்தபடியே நிற்கும், வார்த்தை வராது. உங்களுக்குத் தெரியும்.

“டிரில் அன்னிக்கு இன்னா ஆச்சு?”

“புகை ரூம்புக்குள்ள நானும் மணியும் போனோம். மாஸ்க்குக்குள்ளயே கழண்டுகிச்சி டாக்டரம்மா. ஓரத்துல புகை வருது. தாங்கல, வெளிய ஓடியாந்துட்டேன். ஆபீசர் கேக்கறாரு, ‘மணி எங்கடா?’ன்னு. உள்ள கீறான்னு சொல்லணும். வாயே மூடல. ஆ… ஆ…ன்னுதான் வருது. அவுரு நான் வாந்தி எடுக்கறேன்னு நெனச்சிகினு முதுவத் தட்றாரு.” தாவாங்கட்டையைத் தடவிக்கொண்டான். “டிரில்லுதான். சொம்மா சாம்பிராணி மாரி புகை. மணி அவனே வந்துட்டான். நெஜ கேஸா இருந்தா? அவன் உள்ள கீறான்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.”

“அப்புறம் ஏன்டா மறைக்கற?”

“காண்ட்ராக்ட் ஆளு நானு. மாஸ்க் போட மாட்டான்னா கேட்டுக்கு வெளிய. வேற இன்னா? அந்த மணிதான் போட்டுக் குடுத்துட்டான். தோஸ்துன்னு நெனச்சேன் அவன.”

ஸ்டெல்லா அப்போதுதான் முந்தானையிலிருந்து கைகளை எடுத்து என்னைக் கும்பிட்டாள். “எழுதிடாதீங்க டாக்டரம்மா. நான் பாத்துக்கறேன். எப்ப கழண்டாலும் நான் போட்டுடுவேன்.”

அவளுடைய இரண்டு கட்டைவிரலிலும், கணுவுக்குக் கீழே, பிறை வடிவத்தில் பல் பதிந்த தழும்புகள். பழையது வெளுத்தும் புதியது சிவந்தும் இருந்தன. அந்தத் தழும்பை என் சீனியர் ஒருவரிடம் பார்த்திருக்கிறேன். கழன்ற தாடையைப் போடும்போது கட்டைவிரலை உள்ளே விட்டுக் கடைவாய்ப் பல்லைக் கீழே அமுக்க வேண்டும். மூட்டு தன் இடத்துக்குப் போகும் நொடியில் வாய் எலிப்பொறி மாதிரி சாத்திக்கொள்ளும். துணி சுற்றாமல் வெறும் விரலை விட்டால் கடி நிச்சயம். ஆஸ்பத்திரியில் டாக்டர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். வீட்டில் எத்தனையோ தடவை போட்டிருக்கிறாள். இவளை இவன் அடிக்கிறான் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஆலை டாக்டரின் போன். “என்ன மேடம், நார்மல்தானே?”

யோசித்துப் பாருங்கள். ஸ்கேல் நார்மல் என்றது. மெஷின் நார்மல் என்றது. புருஷன், பெண்டாட்டி, ஆலை, எல்லோருக்கும் நார்மல் வேண்டும். எழுதாமல் நிற்பவள் நான் ஒருத்தி. எழுதிவிட்டால் எனக்கும் நிம்மதி, அடுத்த பேஷண்ட் வெளியே இருமிக்கொண்டிருக்கிறார். எழுதாவிட்டால் இந்த வீட்டில் அடுப்பெரியாது. ஸ்டெல்லாவின் கும்பிட்ட கை இறங்கவே இல்லை. எனக்கு அவர்கள்மேல் இரக்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. இத்தனை பேருக்கும் ஒரே விடை வேண்டியிருக்கும் இடத்தில், வேறு விடை வேண்டியிருந்த ஒரே ஆள் அங்கே இல்லை. அந்த மணி.

“மாஸ்க் போடக்கூடாது. மூட்டுக்கு வைத்தியம் முடியற வரைக்கும். வெளிய நின்னு செய்யற எந்த வேலையும் செய்யலாம்” என்றேன் போனில்.

“மேடம், அப்படி எழுதினா காண்ட்ராக்டர் ஆளையே மாத்திடுவான்.”

“மாத்தினா என்ன ஆகும் தெரியுமா? உங்க க்ரூல மிச்சம் இருக்கறவங்க எல்லாம் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நாளைக்குக் கண்ணு தெரியாதவனும் நார்மல்னு வருவான், காது கேக்காதவனும் நார்மல்னு வருவான். எவனோட நார்மல நம்பி எவன உள்ள அனுப்புவீங்க?”

அவர் பழைய குரலில், ஒரே வாக்கியத்தில், உள்ளே போகிறவர்களைக் கணக்கு வைக்கும் இடத்தில் வெளியே நிறுத்திக்கொள்கிறேன் என்றார். அந்தக் குரல் வந்ததும்தான் அவரை நம்பினேன்.

சூசைக்கு அது அடி வாங்கியது போல இருந்தது. “உள்ள போறவங்கள எண்ணிகினு வெளிய நிக்கணுமா? அத்த வாட்ச்மேன் செய்வான்” என்று சொல்லிவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனான். ஸ்டெல்லா பின்னாலேயே ஓடினாள். கௌதம் மெஷினைப் பார்த்தபடி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். மெஷின் மேல் தப்பில்லை என்று அவனைத்தான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

வேறு எங்காவது போய் நார்மல் வாங்கிக்கொள்வான் என்று சந்தேகப்பட்டேன். அந்தப் பக்கம் தெரிந்த டாக்டர்களிடமெல்லாம் ஜாடையாக விசாரித்தும் பார்த்தேன். போகவில்லை. ஸ்டெல்லா அவனை இழுத்துக்கொண்டு என்னிடமே வந்தாள். தாடை அறுவை நிபுணர் ஒருவரிடம் அனுப்பினேன். கையிலிருந்து எடுத்த அவன் ரத்தத்தையே மூட்டுக்குள் ஏற்றி, தளர்ந்ததை இறுக வைக்கும் சிகிச்சை. அதன் பிறகு தாடை அசையாமல் இருக்கத் தலையைச் சுற்றித் தாவாங்கட்டைக்குக் கட்டு. கஞ்சி, கூழ். பாடக்கூடாது, கத்தக்கூடாது, பெரிதாகச் சிரிக்கக்கூடாது. இடையில் ஒரு தடவை கழன்றாலும் எல்லாம் முதலிலிருந்து. ஒழுங்காக ஆறினால் மாஸ்க் போடலாம் என்று நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவனுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான். என்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டான், ஆனால் கட்டை அவிழ்க்காமல், கட்டோடே அந்த எண்ணுகிற வேலைக்குப் போய்வந்தான். நன்றாக ஆறிக்கொண்டு வந்தது.

எங்கள் பக்கத்தில் காற்றில் ஒரு வாடை வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு, எந்த ஆலை என்று ஆளுக்கொரு பேர் சொல்வோம். அன்று மத்தியானம் வாடைகூட இல்லை. வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஈரம் சொட்டும் பூட்ஸோடு ஒருத்தன் இறங்கினான். கைத்தாங்கலாக இன்னொருவனை இறக்கினான். வாய் ஆவென்று திறந்து, தாடை தொங்கி, எச்சில் சட்டையெல்லாம் வழிய, சூசை. தலையில் கட்டு இல்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. “கட்டை அவுத்தது யாருடா? இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க முடியலயா உனக்கு? சாப்பிட்டியா, பாடினியா, என்ன பண்ணித் தொலைச்ச?”

“மேடம், அவன திட்டாதீங்க. நான் சொல்றேன்” என்றான் பூட்ஸ்காரன்.

“நீ யாரு?”

“மணி.”

நின்றுவிட்டேன்.

“ஒரு பைப்புல கசிவு, மேடம். மூணு பேரு உள்ள போனோம். போறப்ப எங்க பேரு வில்லைய இவன் கைல குடுத்துட்டுப் போனோம், வந்தா வாங்கிக்கணும். உள்ள ஒண்ணும் தெரியல, ஒரே ஆவி. நான் பின்னாடி வந்துகினு இருந்தேன், பைப்பு சந்துல காலு மாட்டிகிச்சி. மத்த ரெண்டு பேரும் நான் அந்தப் பக்கமா வெளிய போய்ட்டேன்னு நெனச்சி வந்துட்டாங்க. கதவ சாத்துன்னு சொல்லிட்டாங்களாம். இவன் கைல என் வில்லை மட்டும் மிச்சம். இவன் கைய காட்றான், ஓடறான், எவனும் பாக்கல. பம்பு ஓடற சத்தம், வாக்கி டாக்கி ஒரு பக்கம் கத்துது. இவன் கட்டப் புடுங்கிக் கடாசிட்டுக் கத்துனான் மேடம். ‘மணி உள்ள கீறான்’னு. அந்தக் கத்தல் எனக்கு உள்ள கேட்டுச்சி. மாஸ்க்குக்குள்ள கீற எனக்கே கேட்டுச்சி.” கையால் மூக்கைத் துடைத்தான். “என்ன வெளிய இஸ்துகினு வந்தப்ப, இவன் வாயத் தொறந்துகினு அப்டியே நிக்கிறான். மூட முடியல. இவனப் போட்டுக் குடுத்தது நான்தான் மேடம். அத்தயும் இவனுக்குத் தெரியும்.”

இரண்டு கட்டைவிரலிலும் துணியைச் சுற்றினேன். சூசையைத் தாழ்வான ஸ்டூலில் உட்காரவைத்து, கௌதமைப் பின்னாலிருந்து தலையைப் பிடிக்கச் சொல்லி, கடைவாயில் விரலை வைத்து அமுக்கினேன். பயந்து இறுகியிருந்தது, லேசில் வரவில்லை. பிறகு ஒரு சறுக்கலோடு உள்ளே போய் உட்கார்ந்தது.

சூசை மெதுவாக உதட்டை நக்கினான். பல்லோடு பல் சேர்கிறதா என்று பார்த்துக்கொண்டான். நான் மூச்சை இழுத்துக்கொண்டு திட்டுவதற்குத் தயாரானேன். அவன் தாவாங்கட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு, பல்லைத் திறக்காமலே, மெல்லச் சொன்னான்.

“திட்டாதீங்க டாக்டரம்மா. இந்த தபா சொல்லிட்டேன்.”

திட்டத்தான் செய்தேன். கட்டை அவிழ்த்ததற்கு, ஆறிவந்த மூட்டைப் பாழாக்கியதற்கு, இனி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதற்கு. கண்ணீர் வழிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மணி பார்க்க, கௌதம் பார்க்கத் திட்டினேன். கௌதம் புதுக் கட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றான். சூசை தலையைக் குனிந்து காட்டினான்.